இடப்பக்க அம்பு

பாண்டியாக் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு
நம்ம பாண்டிய நாட்டு வண்டிடா என்றான் கிளாட்சன்.
அறுபத்தெட்டாம் வருஷத்துப் பிறவி. எட்டு சிலிண்டர்.
சாவி திருகினால் போதும்,
சல்மாபாத் ஷெட்டுகளின் தகரமெல்லாம் பதில் பேசும்.
மேலே மாம்பழ மஞ்சள், முகம் பார்க்கலாம்.
கார்ப்பெட்டைத் தூக்கினேன்.
கீழே என் செருப்பு தெரிந்தது.

காலடியில் பூமி நழுவுவது என்பார்களே,
அதை டேப் வைத்து அளந்தவன் நான்.
டிரைவர் பக்கம் பதினாலுக்கு ஒன்பது அங்குலம்.
பின்சீட்டுக்கு முன்னால் நல்ல சதுரமாக
பெட்டி வைத்த தடம் போல இன்னொன்று.

பெட்டியேதான்.
வண்டிக்காரர் ஃபவாஸின் அப்பாவுக்கு
சித்ராவில் படகு இருந்ததாம்.
ஹமூர், சாஃபி எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி
இந்த வண்டியில்தான் மார்க்கெட் போகுமாம்.
பெட்ரோலைவிட ஐஸ் விலை கூடுதலாக இருந்த காலம்.
அந்த உப்புத்தண்ணீர்
பதினெட்டு கேஜ் தகட்டை அப்பளமாக்கி வைத்திருக்கிறது.
திருப்புளி படுமுன்னே உதிர்கிறது.

ஜூலை. பகல் பன்னிரண்டிலிருந்து நாலுவரை
வெயிலில் வேலை கூடாது என்பது சட்டம்.
எங்களுக்குக் கூரை உண்டு, எனவே சட்டம் இல்லை.
ஹீட் கன்னால் தாரை இளக்கி
டெக் பகதூர் சுரண்டிக்கொண்டே வந்தவன்
தாய், இங்கே பார் என்றான்.

தாருக்கு அடியில் பச்சை நிறம்.
பச்சையில் வெள்ளையாக ஓர் அம்பு.
அரபியில் அரை வார்த்தை.
பத்தொன்பது ரிவெட் அடித்து
சாலைப் பலகையை நறுக்கி ஓட்டையை மூடியிருந்தான்
எவனோ ஒரு மகராசன்.
அலுமினியம். துரு இல்லை.
விளிம்பில் மட்டும் விபூதி போல வெள்ளைப் பொடி.

ஃபவாஸ் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
பெரிய கம்பெனியில் கொடுத்துச் சரிசெய்தேன்,
நானூறு தினார் ஆயிற்று என்று
அப்பா வீட்டில் சொல்லியிருந்தாராம்.

அதை வெட்டி எடுத்தேன்.
வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்குக் குழாய் அடித்தேன்,
இல்லையென்றால் வண்டி இடுப்பை ஒடித்துக்கொள்ளும்.
புதுத் தகடு அமெரிக்காவிலிருந்து வந்தது
நம் ஆட்களைப் போலவே உடம்பெல்லாம் எண்ணெயோடு.
துடைத்துத் துளை போட்டுப் பிடித்துவைத்து
ஒரு பொட்டு.
ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு.
அவசரப்பட்டுக் கோடாக இழுத்தால்
தகடு நெளிந்து முறைக்கும்.
ஆறவிட்டு ஆறவிட்டு நாலு நாள்.
கையுறைக்குள் வேர்வை,
சட்டைக் காலருக்குள் ஒரு பொறி,
அதைக் கடக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

கடைசி நாள் கிழவரைக் கூட்டிவந்தார்கள்.
கார்ப்பெட் போடவில்லை, பிரைமர் சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது.
செருப்பைக் கழற்றி வெறுங்காலை உள்ளே வைத்து
ஒரு மிதி மிதித்தார். சத்தம் வரவில்லை.
அந்தப் பலகை? என்றார் மகன்.
அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்,
தெரிந்த இந்தியில்,
அந்த ரோட்டில் எல்லோருக்கும் வழி தெரியும்,
பலகை சும்மாதான் நின்றது.

சிரித்து முடித்தபின் கேட்டார்:
எங்கே அது?
ஸ்கிராப் லாரியில் போய்விட்டது பாபா என்றேன்.
நானூறு தினார் சொன்னவருக்கு
என் முகம் புரிந்திருக்கும்.
ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

கேம்ப்பில் நாலாம் நம்பர் அறையைத் தாண்டினால்
சுவரில் பார்க்கலாம்.
பத்தொன்பது துளைகளோடு ஓர் அம்பு,
இடப்பக்கம்.
அந்தப் பக்கம்தான் குளியலறை.
புதிதாக வருகிறவன் யாரையும் கேட்பதில்லை.